பெயரைக் கொடுத்தும் திறக்காத கதவு: வட மாசிடோனியாவின் இருபதாண்டுக் காத்திருப்பு

2024 அக்டோபர் 15 அன்று லக்சம்பர்கில் நடந்த கூட்டத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கான பேச்சுவார்த்தையின் முதல் அத்தியாயக் கொத்தை அல்பேனியா திறந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புவரை அல்பேனியாவின் விண்ணப்பமும் வட மாசிடோனியாவின் விண்ணப்பமும் ஒரே நுகத்தில் பூட்டிய இரு மாடுகளாக நடத்தப்பட்டுவந்தன. நுகம் கழற்றப்பட்டதும் ஒன்று மட்டும் முன்னே சென்றது. பின்தங்கிய வட மாசிடோனியா வேட்பாளர் தகுதியை 2005 டிசம்பரிலேயே பெற்றிருந்தது. முந்திச் சென்ற அல்பேனியா அதை 2014இல்தான் பெற்றது. மேற்கு பால்கன் நாடுகளிலேயே முதலாவதாக, 2001 ஏப்ரலில், ஒன்றியத்துடன் நிலைப்படுத்தல் மற்றும் இணைவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் மாசிடோனியாவே.

அன்னை தெரசா 1910இல் பிறந்த ஸ்கோப்யே, அன்று உதுமானியப் பேரரசின் நகரம், இன்று இந்நாட்டின் தலைநகரம். இந்திய வாசகர் பலருக்கு அந்த நாட்டுடனான அறிமுகம் அவ்வளவோடு முடிந்துவிடக்கூடும். ஆனால் வட்டார அமைப்புகளின் விரிவாக்க அரசியலைப் படிக்கும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறொன்று கிடைப்பது அரிது.

இந்தத் தாமதத்துக்கு வழக்கமாக இரண்டு விளக்கங்கள் தரப்படுகின்றன. ஊழலும் நீதித்துறைப் பலவீனமும் காரணம் என்பது ஒன்று. பால்கனில் ரஷ்யா, சீனா, மேற்குலகு ஆகியவற்றின் போட்டி காரணம் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் அவை மையச் சிக்கலைத் தொடவில்லை. ஸ்கோப்யேயிடம் கேட்கப்பட்டவை பெரும்பாலும் திரும்பப் பெற முடியாதவை: நாட்டின் பெயர், கொடி, அரசமைப்பின் சொற்கள். பதிலுக்குக் கிடைத்தவையோ எந்நேரமும் திரும்பப் பெறத்தக்க வாக்குறுதிகள். ஒரு பக்கம் மீளாத விலையும் மறுபக்கம் மீளத்தக்க உறுதிமொழியும் வைக்கப்பட்ட பேரத்தில் பலவீனமான தரப்பு தோற்றதில் வியப்பில்லை. வியப்புக்குரியது, அந்தப் பேரத்தை வடிவமைத்த வலுவான தரப்பும் அதனால் செல்வாக்கை இழந்துகொண்டிருப்பதுதான்.

இந்த விலை வசூல் 2018இல் தொடங்கவில்லை. யுகோஸ்லாவியா உடைந்தபோது 1991 செப்டம்பர் 8 அன்று பொதுவாக்கெடுப்பின் வழி மாசிடோனியா விடுதலை கோரியது. ஐரோப்பியச் சமூகம் அமைத்த பாதன்தேர் குழு 1992 ஜனவரியில் தன் கருத்துரையை அளித்தபோது, அங்கீகாரத்துக்கான நிபந்தனைகளை நிறைவேற்றிய குடியரசுகளாக ஸ்லோவேனியாவையும் மாசிடோனியாவையும் குறிப்பிட்டது. அண்டை நாடுகளின் நிலத்தின்மீது உரிமை கோரவில்லை என்று மாசிடோனியா தன் அரசமைப்பையே அதற்குள் திருத்தியிருந்தது. ஸ்லோவேனியா அங்கீகரிக்கப்பட்டது, மாசிடோனியா காத்திருக்க வைக்கப்பட்டது. மாசிடோனியா என்ற பெயர் தன் வடக்கு மாகாணத்துக்கும் தன் பழைய வரலாற்றுக்கும் உரியது என்று கிரேக்கம் மறுப்புத் தெரிவித்ததே காரணம். அந்தச் சொல் இடம்பெறாத பெயரில் மட்டுமே அங்கீகரிப்போம் என்று 1992 ஜூனில் லிஸ்பனில் கூடிய ஐரோப்பியத் தலைவர்கள் அறிவித்தனர். சட்ட வல்லுநர் குழு தந்த விடையை ஓர் உறுப்பு நாட்டின் எதிர்ப்பு செல்லாததாக்கிய முதல் சந்தர்ப்பம் அது.

1993இல் ஐ.நா. அவைக்குள் நுழைந்தபோது அந்நாடு ஏற்க வேண்டியிருந்தது ஒரு பெயரை அன்று, ஒரு விவரிப்பை: 'முன்னாள் யுகோஸ்லாவியக் குடியரசான மாசிடோனியா'. 1994 பிப்ரவரியில் கிரேக்கம் வணிகத் தடை விதித்தது. கடற்கரை இல்லாத அந்நாட்டுக்குத் தெற்கே தெசலோனிகி துறைமுகமே வாயில். வடக்கே செர்பியாமீது ஐ.நா.வின் பொருளாதாரத் தடை. இரு புறமும் அடைபட்ட நிலையில் 1995இல் இடைக்கால உடன்பாடு எட்டப்பட்டது. வெர்கினா கதிரவன் பொறித்த கொடி மாற்றப்பட்டது. அந்த உடன்பாட்டின்படி, ஐ.நா.வில் வழங்கும் பெயரில் விண்ணப்பித்தால் பன்னாட்டு அமைப்புகளில் மாசிடோனியா சேர்வதைக் கிரேக்கம் தடுக்கக்கூடாது. 2008 ஏப்ரலில் புகாரெஸ்டில் நடந்த நேட்டோ உச்சிமாநாட்டில் கிரேக்கம் தடுத்தது. அது உடன்பாட்டை மீறிய செயல் என்று பன்னாட்டு நீதிமன்றம் 2011 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நூலகங்களுக்குச் சென்றது. கதவு மூடியே இருந்தது. ஐரோப்பிய ஆணையம் 2009 முதல் ஆண்டுதோறும் பேச்சுவார்த்தையைத் தொடங்கலாம் என்று பரிந்துரைத்தும் பயன் விளையவில்லை.

இந்தத் தேக்கநிலை நாட்டின் உள் அரசியலைக் கெடுத்த விதம் தனி ஆய்வுக்குரியது. நிகோலா குருயெவ்ஸ்கியின் ஆட்சி, அடைபட்ட ஐரோப்பியப் பாதைக்கு மாற்றாகப் பழம்பெருமையை நாட்டுக்கு ஊட்டியது. 'ஸ்கோப்யே 2014' என்ற திட்டத்தில் தலைநகரம் சிலைகளாலும் போலிச் செவ்வியல் முகப்புகளாலும் நிரம்பியது. அதே ஆட்சியில் பல்லாயிரம் குடிமக்களின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டது 2015இல் வெளியானது. குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்ட குருயெவ்ஸ்கி 2018 நவம்பரில் ஹங்கேரிக்குத் தப்பி ஓடி அடைக்கலம் பெற்றார். ஒன்றியத்தில் சேர விரும்பும் நாட்டின் நீதிமன்றத்தை ஏய்த்தவருக்கு ஒன்றியத்தின் உறுப்பு நாடே புகலிடம் தந்தது என்பதைச் சட்டத்தின் ஆட்சி குறித்த பாடநூல்கள் எங்ஙனம் விளக்கும் என்று தெரியவில்லை.

2017இல் ஆட்சிக்கு வந்த சோரன் சாயெவ் விலையைக் கொடுத்துவிடுவது என்று முடிவுசெய்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் பல்கேரியாவுடன் நட்புறவு ஒப்பந்தம். 2018 ஜூன் 17 அன்று கிரேக்கப் பிரதமர் அலெக்சிஸ் சிப்ராசுடன் பிரெஸ்பா ஏரிக்கரையில் பெயர் உடன்பாடு. 'வட மாசிடோனியா' என்ற பெயர் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எல்லாப் பயன்பாட்டுக்கும் பொருந்தும். உடன்பாட்டைத் திரும்பப் பெற இயலாது என்று அதன் வாசகமே கூறுகிறது. ஈடாக, மாசிடோனிய மொழி என்ற பெயரைக் கிரேக்கம் ஏற்றது. இரு தலைவர்களும் உள்நாட்டில் எதிர்கொண்ட எதிர்ப்பை நினைத்தால், அண்மைக்கால ஐரோப்பிய அரசியலின் துணிவான செயல்களுள் ஒன்றாக இதைக் கொள்ளத் தடையில்லை.

ஆனால் அந்தத் துணிவுக்கு உள்நாட்டில் ஆன செலவைப் பிரஸ்ஸல்ஸ் கணக்கில் எழுதவே இல்லை. 2018 செப்டம்பர் 30 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆம் என்றனர்; ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர் மட்டுமே. அரசமைப்பைத் திருத்த 120 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 80 வாக்குகள் வேண்டும். எதிர்க்கட்சி உறுப்பினர் சிலர் அணி மாறினர். 2017 ஏப்ரல் 27 அன்று நாடாளுமன்றத்துக்குள் கும்பல் புகுந்து தாக்கிய வழக்கில் தொடர்புடையோர் சிலருக்கு, அணி மாறிய உறுப்பினர் சிலர் உட்பட, பொதுமன்னிப்பு வழங்கும் சட்டம் 2018 டிசம்பரில் நிறைவேறியது. 2019 ஜனவரி 11 அன்று 81 வாக்குகளுடன் பெயர் மாறியது. சட்டத்தின் ஆட்சியை வளர்ப்பதற்கென்றே அமைந்த நிபந்தனை முறை, சட்டத்தின் ஆட்சியை விலையாகக் கொடுத்து ஒரு நிபந்தனையை நிறைவேற்றச் செய்தது. அன்று ஐரோப்பியத் தலைநகரங்களில் கேட்டவை வாழ்த்துரைகளே.

ஒன்பது மாதங்கள் கழித்து, 2019 அக்டோபரில், பேச்சுவார்த்தையைத் தொடங்குவதை பிரான்ஸ் தடுத்தது. இம்முறை ஸ்கோப்யேயின் குறை எதுவும் காரணமாகச் சொல்லப்படவில்லை. விரிவாக்க முறையே சீரமைக்கப்பட வேண்டும் என்றார் அதிபர் மக்ரோன். அப்போதைய ஆணையத் தலைவர் யுன்கர் இதை வரலாற்றுப் பிழை என்று கூறினார். சாயெவ் முன்கூட்டியே தேர்தலை அறிவித்தார். 2020 பிப்ரவரியில் புதிய நெறிமுறை வந்தது: அத்தியாயங்கள் ஆறு கொத்துகளாகத் தொகுக்கப்பட்டன; ஒரு நாடு பின்னடைந்தால் பேச்சுவார்த்தையை நிறுத்தலாம், முடிந்த அத்தியாயத்தையும் மீளத் திறக்கலாம், நிதியைக் குறைக்கலாம். மீளத்தக்க தன்மை அந்நெறிமுறையின் வெளிப்படையான கொள்கை. பெயர் உடன்பாடு மீளத்தகாதது, பேச்சுவார்த்தை மீளத்தக்கது. இவ்விரு ஆவணங்களுக்கும் இடையே இரண்டு ஆண்டுகூட இடைவெளி இல்லை.

2020 மார்ச்சில் ஒன்றியம் ஒப்புதல் அளித்தது. அதே மாதம் நேட்டோவின் 30ஆவது உறுப்பினராகவும் வட மாசிடோனியா ஆனது. நவம்பரில் பல்கேரியா தடுத்தது. 1992இல் மாசிடோனிய அரசை முதலில் அங்கீகரித்த நாடு பல்கேரியாதான். ஆனால் மாசிடோனிய மொழியைத் தனி மொழியாகவோ அதன் மக்களைத் தொன்மையான தனித் தேசிய இனமாகவோ அது ஏற்றதில்லை. புரட்சியாளர் கோத்ஸே தெல்சேவ் யாருக்கு உரியவர் என்ற வினாவை இரு நாட்டு வரலாற்றறிஞர்களின் கூட்டுக் குழு விவாதித்துக்கொண்டிருந்தது. வரலாற்றறிஞர்கள் பல தலைமுறைகளாக முடிவுக்கு வராத வினா இப்படி ஒரு நாட்டின் பொருளாதார எதிர்காலத்துக்கு வாயிற்காவலாக நின்றது. பிரான்ஸ் முன்வைத்த சமரசத்தின்படி 2022 ஜூலையில் பேச்சுவார்த்தை முறைப்படி தொடங்கியது. ஆனால் முதல் கொத்தைத் திறக்க வேண்டுமானால் அரசமைப்பில் பல்கேரியர்களையும் ஒரு மக்கட்பிரிவாகச் சேர்க்க வேண்டும். 2021 கணக்கெடுப்பில் தம்மைப் பல்கேரியர் என்று பதிந்தவர்கள் 3,504 பேர்.

இந்தக் கோரிக்கையை மட்டும் தனியே எடுத்தால் அதில் அநியாயம் ஒன்றுமில்லை. அல்பேனியர், துருக்கியர், விளாக்கியர், செர்பியர், ரோமா மக்கள், போஸ்னியாக்குகள் ஆகியோரை அதே அரசமைப்பு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இன்னும் ஒரு பெயரைச் சேர்ப்பதால் குடியரசு குலைந்துவிடாது. இதை மறுக்கும் தேசியவாதிகள் சிறுபான்மையினர் உரிமையைப் பற்றிப் பேசும் தகுதியைத் தாமே இழக்கிறார்கள். ஆனால் ஸ்கோப்யே வீதிகளில் கேட்கும் கேள்வி வேறு: இதுதான் கடைசியா? நல்ல அண்டைநாட்டு உறவு பேச்சுவார்த்தைச் சட்டகத்தின் உள்ளேயே வைக்கப்பட்டுவிட்ட பிறகு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒருமித்த சம்மதம் தேவைப்படும் முறையில், கடைசி என்று சொல்லும் அதிகாரம் எவரிடமும் இல்லை. 2024 மே தேர்தலில் வலதுசாரி வி.எம்.ஆர்.ஓ. கட்சி 58 இடங்களை வென்றது. பிரதமர் ஹிரிஸ்தியான் மிட்ஸ்கோஸ்கி முன்வைக்கும் வழி, திருத்தத்தை இப்போது நிறைவேற்றி, உறுப்புரிமை கிடைக்கும்போது அது நடைமுறைக்கு வரட்டும் என்பது. சோபியாவும் பிரஸ்ஸல்ஸும் இதை ஏற்கவில்லை. உள்நாட்டு வாக்குக் கணக்கு இந்த நிலைப்பாட்டில் இருப்பது உண்மையே. எனினும் மூன்று முறை முன்பணம் கொடுத்து ஏமாந்தவர் நான்காம் முறை பொருளைக் காட்டிய பின் பணம் தருகிறேன் என்பது பகுத்தறிவுக்குப் புறம்பானதன்று.

பொருளாதாரத்துக்கு வந்தால், இந்தக் காத்திருப்பு வெறும் காலியிடம் போலத் தோன்றினும் அப்படியில்லை. நாட்டின் நாணயமான தெனார் நடைமுறையில் யூரோவுடன் பிணைக்கப்பட்டுள்ளது. அதாவது ஃபிராங்க்பர்ட்டின் வட்டிவிகித முடிவுகள் ஸ்கோப்யேயையும் ஆள்கின்றன, அங்கே ஓர் இருக்கை இல்லாமலே. ஏற்றுமதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஒன்றியத்துக்கே, அதிலும் ஜெர்மனிக்கே மிகுதி. குறைந்த வரி, மானியம் ஆகியவற்றைக் காட்டித் தொழில் மண்டலங்களுக்கு ஈர்க்கப்பட்ட வாகன உதிரிபாக ஆலைகள் இந்த ஏற்றுமதியின் முதுகெலும்பு. ஜெர்மானிய வாகனத் தொழில் இருமினால் இங்கே காய்ச்சல் வருகிறது. ஆனால் உறுப்பு நாடுகளுக்கு அத்தகைய காலங்களில் கைகொடுக்கும் ஒருங்கிணைப்பு நிதி இங்கே வருவதில்லை. எஃகு, மின்சாரம் போன்றவற்றின்மீது கரிம உமிழ்வுக்கேற்ப ஒன்றியம் விதிக்கும் எல்லைக் கட்டணமோ தவறாமல் வருகிறது. பழுப்பு நிலக்கரியை நம்பியிருக்கும் நாட்டுக்கு அது சிறு சுமையன்று. விதிகள் எல்லாம் பொருந்துகின்றன. அவற்றை வகுக்கும் அவையிலும் ஈடுசெய்யும் நிதியிலும் பங்கில்லை.

எல்லை தாண்டிய ஒப்பீடு இதை மேலும் தெளிவாக்கும். பல்கேரியா 2007இல் ஒன்றியத்தில் சேர்ந்தபோது அதன் தலைக்குரிய வருமானம், விலைவேறுபாட்டைச் சரிசெய்த பின், ஒன்றியச் சராசரியில் 40 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. இன்று 60 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. வட மாசிடோனியா இன்று ஏறக்குறைய பல்கேரியா அன்று இருந்த இடத்தில் நிற்கிறது. பல்கேரியாவின் நீதித்துறை அன்று நிறைவாகவும் இல்லை. சேர்ந்த பின்னரும் கண்காணிப்போம் என்ற தனி ஏற்பாட்டுடன்தான் அது உள்ளே விடப்பட்டது; அந்த ஏற்பாடு 2023இல்தான் முறைப்படி முடிவுற்றது. முழு வேறுபாட்டுக்கும் உறுப்புரிமை ஒன்றே காரணம் என்று வாதிடுவது எளிமைப்படுத்தல். ஆனால் அதற்குப் பங்கில்லை என்று வாதிட வேண்டுமானால் இன்னும் அதிகத் துணிச்சல் வேண்டும்.

மக்கள் தமக்குத் தெரிந்த வழியில் விடை எழுதிவிட்டனர். 2002 கணக்கெடுப்பில் 20,22,547 ஆக இருந்த மக்கள்தொகை, 2021இல் உள்நாட்டில் வசிப்போர் கணக்கில் 18,36,713. 2009 டிசம்பர் முதல் ஒன்றியப் பகுதிக்கு நுழைவுச்சீட்டு இன்றிச் செல்லலாம். 2016 முதல் ஜெர்மனி மேற்கு பால்கன் தொழிலாளர்களுக்கென்றே தனி விதியைத் திறந்து வைத்திருக்கிறது. நாடு ஒன்றியத்துக்குள் செல்ல இயலாதபோது குடிமகன் தனித்தனியே சென்றுவிடுகிறான். பயிற்றுவித்த செலவு ஸ்கோப்யேக்கு, பயன் மியூனிக்குக்கு. சீர்திருத்தத்தைக் கோரிக் குரல் எழுப்பக்கூடிய இளைஞர்களே முதலில் வெளியேறுபவர்கள் என்பதால் சீர்திருத்தத்தின் அரசியல் அடித்தளமும் அவர்களோடு வெளியேறுகிறது.

அந்த வெற்றிடத்தில் வேறு பணம் நுழைகிறது. கிச்செவோ–ஒஹ்ரித் நெடுஞ்சாலை சீன ஏற்றுமதி-இறக்குமதி வங்கியின் கடனில் 2014இல் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2024இல் புதிய அரசு ஹங்கேரியிடமிருந்து 50 கோடி யூரோ கடன் பெற்றது. மேற்கு பால்கனுக்கான ஒன்றியத்தின் வளர்ச்சித் திட்டத்தில் நான்கு ஆண்டுகளுக்கு இந்நாட்டுக்கென ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 75 கோடி யூரோ. அதிலும் பெரும்பகுதி கடன், ஒவ்வொரு தவணைக்கும் சீர்திருத்த நிபந்தனை. புடாபெஸ்ட் தந்த கடனோ சில மாதங்களில் கைக்கு வந்தது. வெளியுறவுக் கொள்கையில் ரஷ்யாவுக்கு எதிரான தடைகள் உட்பட ஒன்றியத்தோடு முழுவதும் ஒத்துப்போகும் நாடு இது. அதன் விசுவாசத்துக்கு விலை இல்லாததே ஒருவேளை அதன் குறையாக இருக்கலாம்: போர் மூண்ட நான்கே மாதங்களில் உக்ரைனுக்கும் மால்டோவாவுக்கும் வேட்பாளர் தகுதி கிடைத்தது. அவற்றுக்குக் கிடைத்ததில் தவறில்லை. ஆனால் அமைதியாக இருப்பவர் காத்திருக்கலாம் என்ற செய்தி பால்கனில் தெளிவாகவே கேட்டது.

2025 மார்ச் 16 அதிகாலையில் கோச்சானி நகரில் ஓர் இரவு விடுதி தீப்பற்றியதில் ஏறத்தாழ அறுபது பேர் இறந்தனர், பெரும்பாலோர் இளையோர். விடுதியின் உரிமம் முறைகேடாகப் பெறப்பட்டது என்று உள்துறை அமைச்சரே கூறினார். நாடெங்கும் எழுந்த சினம் கோத்ஸே தெல்சேவைப் பற்றியதன்று. தீயணைப்புச் சான்று, கையூட்டு, கண்ணை மூடிக்கொண்ட அலுவலர்கள் ஆகியவற்றைப் பற்றியது. பேச்சுவார்த்தையின் முதல் கொத்து, நீதித்துறையும் ஊழல் தடுப்பும் பொது நிருவாகமும் அடங்கிய 'அடிப்படைகள்' என்பது, சரியாக இவற்றைத்தான் விவாதிப்பதற்கானது. அந்தக் கொத்து திறக்கப்படவில்லை. ஒன்றியத்தின் கண்காணிப்பால் அந்த உயிர்கள் காக்கப்பட்டிருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆனால் ஓர் அரசு தன் குடிமக்களுக்கு விடை சொல்ல வேண்டிய வினாக்கள் இருக்க, அதன் முழு அரசியல் ஆற்றலையும் அண்டை நாட்டின் வரலாற்றுக் குறைகளைத் தீர்ப்பதில் செலவிட வைத்த ஒரு முறை, சீர்திருத்த முறை என்ற பெயருக்கு உரியதா? தேசியவாத அரசியல்வாதிகளுக்கும் அது வசதியாகவே இருக்கிறது. மொழிக்காகப் போராடும் தலைவரிடம் தீயணைப்புச் சான்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மாற்று வழிகள் அறியப்படாதவை அல்ல. இடைநிலைக் கட்டங்களில் ஒருமித்த சம்மதத்துக்குப் பதிலாகத் தகுதிப் பெரும்பான்மை போதும் என்று ஜெர்மனியும் ஸ்லோவேனியாவும் முன்மொழிந்துள்ளன. இறுதி முடிவில் மட்டும் எல்லோரும் கைதூக்கினால் போதும். ஸ்லோவேனியாவுக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. பிரான் வளைகுடா எல்லைத் தகராறுக்காக அது குரோஷியாவின் பேச்சுவார்த்தையை முடக்கியது. 2009இல் தகராறு நடுவர் மன்றத்துக்கு மாற்றப்பட்டதும் தடை நீங்கி, குரோஷியா 2013இல் உறுப்பினரானது. நடுவர் மன்றத்தின் 2017 தீர்ப்பைக் குரோஷியா ஏற்கவில்லை, தகராறு முற்றாகத் தீரவும் இல்லை. என்றாலும் நாற்பது இலட்சம் மக்களின் எதிர்காலம் ஒரு வளைகுடாவுக்குப் பிணையாக இருக்கவில்லை. இத்தகைய மாற்றத்துக்கு எதிரான தடை எளியது: தடுக்கும் உரிமையைக் கைவிடுவதற்கும் ஒருமித்த சம்மதம் வேண்டும். 2025இல் உக்ரைனின் முதல் கொத்தை ஹங்கேரி தடுத்து நின்றதும் இதே உரிமையால்தான்.

அல்பேனியா முதல் கொத்தைத் திறந்து ஓராண்டும் ஒரு மாதமும் கடந்த நிலையில், 2025 நவம்பருக்குள், ஆறு கொத்துகளையும் திறந்துவிட்டது. ஸ்கோப்யேயில் திருத்தத்துக்கு இன்னும் அதே 80 வாக்குகள் வேண்டும். அதற்கான தேதி எதுவும் நாடாளுமன்றத்தின் நிகழ்ச்சி நிரலில் அப்போது இல்லை.